மதுரை தங்கம் தியேட்டர் அவ்ளோ பெருசுன்னா ஏன் இடிச்சாங்க? ஓனருக்கு பணத்தாசையா?

இந்தக் கேள்விய பார்த்துட்டு சும்மா கடந்து போக முடியல. நீங்க வெளியூர்னு நினைக்கிறேன், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில ஜவுளி எடுக்கப் போனப்ப யாராவது "இந்த இடத்துல தான் தங்கம் இருந்துச்சு"ன்னு சொல்லிருப்பாங்க.

1952 தீபாவளிக்கு பராசக்தி தான் அங்க முதல் படம், சிவாஜிக்கும் அதான் முதல் படம். மொத்தம் 2,563 சீட்டு. ஆசியாவிலேயே பெருசுன்னு ஊருக்குள்ள சொல்லுவோம், அதுக்கு ஆதாரம் கேட்டு யாரும் சண்டைக்கு வந்துடாதீங்க, இன்னிக்கு மால்ல இருக்குற ஸ்கிரீன்ல முந்நூறு பேர் உக்காந்தாலே பெருசு, அதோட இத வச்சுப் பாத்துக்கங்க.

எங்க தாய்மாமா அங்க ஆபரேட்டர் ரூம்ல வேலை பார்த்தாரு. சின்னப் பையனா இருக்கப்ப என்னையும் மேல கூட்டிட்டுப் போவாரு. உள்ள போனாலே அனலடிக்கும். ரெண்டு ப்ரொஜெக்டர், வெளிச்சத்துக்கு உள்ள ரெண்டு கார்பன் குச்சி முனைக்கு முனை எரியும், எரிய எரிய இடைவெளி கூடிரும், அத திருகித் திருகி சரி பண்ணிட்டே இருக்கணும், கொஞ்சம் அசந்தா திரையில வெளிச்சம் மங்கிரும், உடனே கீழருந்து விசில், "டேய் ஆபரேட்டரு"ன்னு கத்துவாங்க. ரீல் முடியப்போறப்ப திரையோட வலது மேல் மூலையில ஒரு புள்ளி வந்து போகும், அதப் பார்த்து அடுத்த மிஷினுக்கு மாத்தணும். சாப்பிடுறப்ப கூட மாமா கண்ணு, திரையப் பாக்க சுவத்துல விட்டிருக்குற ஓட்டைய விட்டு நகராது.

இடிச்ச கதைக்கு வரேன். பேராசைன்னு சொல்றவங்க ஒரு கணக்கு போடட்டும். நாலு ஷோ நெறையணும்னா ஒரு நாளைக்கு பத்தாயிரம் பேருக்கு மேல வேணும். அந்தக் காலத்துல புதுப்படம்னா மதுரையில ஒரே தியேட்டர்ல தான், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டில இருந்து பஸ் ஏறி வருவாங்க, நெறஞ்சுச்சு. அப்புறம் வீட்டுக்கு வீடு டிவி, டெக்கு, அதாவது வீடியோ கேசட் ஓட்டுற மிஷின், வாடகைக்கு எடுத்து விடிய விடிய படம், ஒரே படத்த ஊர்ல நாலஞ்சு தியேட்டர்ல ஒரே நாள்ல ரிலீஸ் பண்றதுன்னு ஆகிப்போச்சு. ஐநூறு பேர் வந்தா சின்ன தியேட்டர் ஹவுஸ்புல், தங்கத்துல அதே ஐநூறு பேர் வந்தா காத்தாடும். ஆனா கரண்டு பில்லும் ஆளுங்க சம்பளமும் கொறையுமா? இடமோ ரயில்வே ஸ்டேஷன் பக்கம், மனை விலை எங்கயோ போயிருச்சு. பூட்டிக் கெடந்து தான் இடிபட்டுச்சு, நல்லா ஓடிட்டு இருந்தத யாரும் இடிக்கல. நான் ஓனருக்கு சொந்தக்காரன் இல்ல, நியாயத்த தான் சொல்றேன்.

   

கீழவாசல் பக்கம் சிந்தாமணி தியேட்டரப் பத்தியும் விசாரிங்க. 1937ல வந்த சிந்தாமணி படம் ஓடின ஓட்டத்துல கெடச்ச லாபத்த வச்சு கட்டினது, அதுவும் இப்ப இல்ல.