தோல்வி தொடர்வது ஏன்? சதுரங்கம் பழகுவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

வந்த கேள்விகளில் ஒத்தவற்றைச் சேர்த்து ஏழாகச் சுருக்கியிருக்கிறேன். பதில்களில் நேராகச் செல்லும் காயை யானை என்றும், குறுக்காகச் செல்லும் காயை மந்திரி என்றும் குறிப்பிடுகிறேன்.

ஆறு மாதங்களாக நாள்தோறும் இணையத்தில் ஆடுகிறேன். பத்துக்கும் மேற்பட்ட ஓபனிங்குகளை (ஆட்டத் தொடக்கத்துக்கான நகர்வு வரிசைகளை) மனப்பாடம் செய்திருக்கிறேன். இருந்தும் என் தரப்புள்ளி 700-ஐத் தாண்டவில்லை. எங்கே தவறுகிறேன்?

உங்கள் ஆட்டங்களைப் பார்க்காமலே ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்: காய்களை இனாமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று மதிப்பிடுவது வழக்கம். ஓபனிங்கில் மிகச் சிறந்த நகர்வுக்கும் அதற்கடுத்த நகர்வுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அரைச் சிப்பாயின் மதிப்பைக்கூட எட்டுவதில்லை. காவலின்றி நிற்கும் ஒரு குதிரையை இழந்தாலோ, மூன்று சிப்பாய்கள் போனதற்குச் சமம். அந்த அரைச் சிப்பாய்க்காக மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, மூன்று சிப்பாய்களின் மதிப்பை ஒரு நொடியில் கைவிடுகிறோம்.

கடைசியாகத் தோற்ற இருபது ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு காயை ஈடின்றி முதன்முதலில் இழந்த நகர்வையும், அதற்கு முன் எதிராளி ஆடிய நகர்வையும் மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். எதிராளி தம் நோக்கத்தை வெளிப்படையாகவே காட்டியிருந்தும் நீங்கள் உங்கள் திட்டத்திலேயே மூழ்கியிருந்தது அந்தத் தாளில் தெரியும். எனக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் தெரிந்தது. படித்து முடித்தபோது சற்று வெட்கமாகவே இருந்தது.

எதிராளி ஒரு காயை நகர்த்தியதும் மூன்றைக் கவனியுங்கள்: அந்தக் காய் இப்போது எதைத் தாக்குகிறது, இதுவரை காத்துவந்த எதை இப்போது கைவிட்டது, அது விலகியதால் பின்னாலிருந்த எந்தக் காய்க்கு வழி திறந்தது. பிறகு உங்கள் நகர்வைத் தேர்ந்தெடுத்ததும் உடனே ஆடிவிடாமல், அதை ஆடி முடித்ததாகவே மனத்தில் பலகையைக் கண்டு, எதிராளி கொடுக்கக்கூடிய ஒவ்வொரு செக்கையும் (ராஜாவின் மீதான தாக்குதலையும்), வெட்டக்கூடிய ஒவ்வொரு காயையும் பாருங்கள். முதல் சில வாரங்களுக்கு இது சலிப்பூட்டும். ஆட்டத்தின் வேகமும் குறையும். அது நல்ல அறிகுறியே.

அப்படியானால் ஓபனிங்கைப் படிக்கவே வேண்டாமா?

வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் போதும். கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும். வெள்ளையில் சிப்பாயை ஈ4-க்கும், குதிரையை எஃப்3-க்கும், மந்திரியை சி4-க்கும் கொண்டுசெல்லும் இத்தாலிய ஆட்டம் பழகுவோருக்கு ஏற்றது. காய்கள் இயல்பான இடங்களுக்குச் செல்வதோடு ராஜாவுக்குக் கோட்டை கட்டவும் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றி ராஜாவைப் பாதுகாக்கவும்) விரைவில் வழி பிறக்கிறது. நகர்வுகளின் வரிசையைவிட, ஒவ்வொரு காயும் எதற்காக அந்த இடத்துக்குச் செல்கிறது என்பதை நினைவில் வையுங்கள், ஏனெனில் உங்கள் நிலையில் உள்ள எதிராளி நான்காவது நகர்விலேயே புத்தக வழியை விட்டு விலகிவிடுவார்.

நான்கே நகர்வுகளில் ராணியையும் மந்திரியையும் கொண்டுவந்து மேட் செய்துவிடுகிறார்கள் (ராஜா தப்ப முடியாத செக் கொடுத்து வென்றுவிடுகிறார்கள்). தடுப்பது எப்படி?

எஃப்7 கட்டத்துச் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லாததைப் பயன்படுத்தும் தாக்குதல் இது. இருவரும் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்திய பின் வெள்ளை ராணி ஹெச்5-க்கு வந்தால், முதலில் குதிரையை சி6-க்குக் கொண்டுவந்து ஈ5 சிப்பாயைக் காப்பாற்றுங்கள். அடுத்து மந்திரி சி4-க்கு வரும். இப்போது இன்னொரு குதிரையை எஃப்6-க்கு நகர்த்தி ராணியை விரட்டலாம் என்று தோன்றும். அதுதான் பொறி, ராணி எஃப்7-ஐ வெட்டி மேட் செய்துவிடும். மாறாக, சிப்பாயை ஜி6-க்கு நகர்த்தினால் ராணி பின்வாங்கியாக வேண்டும். அது எஃப்3-க்குச் சென்று மீண்டும் மிரட்டினால், அப்போது குதிரையை எஃப்6-இல் நிறுத்தி வழியை அடைத்துவிடலாம். இதற்குப் பின் உங்கள் நிலையே சௌகரியமானது.

புதிர்களில் என் புள்ளி 1500-ஐத் தாண்டிவிட்டது; ஆனால் அதே உத்திகள் ஆட்டத்தில் என் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏன்?

புதிர் தன் முன்னே வந்து நிற்கும்போதே 'இங்கே ஒரு வழி இருக்கிறது' என்று சொல்லிவிடுகிறது; ஆட்டத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை. இரண்டாவது காரணம் நினைவாற்றல் சார்ந்தது. 1973-இல் சேஸ், சைமன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், உண்மையான ஆட்டங்களின் நிலைகளைச் சில நொடிகள் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப அடுக்குவதில் தேர்ந்த ஆட்டக்காரர் பழகுநரைவிட மிகவும் முன்னே நின்றார். காய்களைத் தாறுமாறாக வைத்தபோதோ அந்த மேன்மை ஏறத்தாழ மறைந்துபோனது. அதாவது, அவருக்கு உதவுவது பொதுவான நினைவாற்றல் அல்ல, பலமுறை பார்த்துப் பழகிய காய்க்கூட்டங்கள். ஆகவே பத்து நிமிடம் யோசிக்க வைக்கும் கடினமான புதிர் ஒன்றைவிட, இரட்டைத் தாக்குதல், அசைய முடியாமல் கட்டிப்போடுதல், கடைசி வரிசை மேட் போன்றவற்றின் எளிய புதிர்கள் இருபதை, பார்த்தவுடன் விடை தோன்றும் வரை திரும்பத் திரும்பப் போடுவதே பயன் தரும். முதல் நகர்வை ஊகத்தில் அழுத்திப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றே விடுங்கள். எதிராளியின் மிகச் சிறந்த பதிலையும் மனத்தில் கண்ட பிறகே காயைத் தொட வேண்டும்.

எத்தனை நிமிட ஆட்டம் ஆடுவது நல்லது? ஆட்டம் முடிந்ததும் கணினியிடம் காட்டி அலசுவது போதுமா?

மூன்று நிமிட ஆட்டங்கள் ஏற்கெனவே உள்ள பழக்கங்களை, நல்லவையானாலும் கெட்டவையானாலும், மேலும் ஆழப்படுத்துகின்றனவே தவிர புதியதைக் கற்றுத்தருவதில்லை. ஒவ்வொருவருக்கும் 15 நிமிடமும், நகர்வுக்கு 10 நொடி கூடுதலும் உள்ள ஆட்டத்தை நாளொன்றுக்கு ஒன்று ஆடுங்கள். அலசும்போது முதலில் கணினியை அணைத்துவிட்டு, எங்கே குழம்பினீர்கள், எந்த நகர்வை எதிர்பார்க்கவில்லை என்பதை நீங்களே எழுதுங்கள். அதன்பின் கணினியின் மதிப்பீடு இரண்டு சிப்பாய்களுக்கு மேல் சரிந்த இடங்களை மட்டும் பாருங்கள். 0.3 மாறியதற்கெல்லாம் கவலைப்படுவது கிராண்ட்மாஸ்டர்களின் வேலை.

ராணி கூடுதலாக இருந்தும் ஆட்டம் சமனில் முடிந்துவிடுகிறது. ஒரு சிப்பாய் மிகுந்திருந்தாலும் ராணியாக்க முடிவதில்லை.

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி, ஏனெனில் இறுதி ஆட்டத்தைப் பற்றி யாரும் அதிகமாகக் கேட்பதில்லை. 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியனாக இருந்த கேப்பாப்ளாங்கா, கற்றலை அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்று வற்புறுத்தியவர்.

ராணியை எதிரி ராஜாவிலிருந்து ஒரு குதிரைப் பாய்ச்சல் தொலைவிலேயே வைத்து, அவர் நகரும் திசையிலேயே ராணியையும் நகர்த்திவந்தால், செக் எதுவும் கொடுக்காமலே அவரைப் பலகையின் ஓரத்துக்குத் தள்ளிவிடலாம். ஆனால் அவர் மூலைக்கட்டத்தில் நுழைந்ததும் இந்த முறையை நிறுத்திவிட வேண்டும்: ராஜா ஏ8-இலும் உங்கள் ராணி சி7-இலும் இருந்து, அவருக்கு வேறு காய் இல்லையென்றால், செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை, ஆட்டம் சமன்; இதற்குப் பெயர் ஸ்டேல்மேட். அங்கே ராணியைக் கடைசி இரு கட்டங்களுக்குள் அவரை அடைத்துவைக்கும்படி நிறுத்திவிட்டு, உங்கள் ராஜாவைப் பொறுமையாக அழைத்து வாருங்கள்.

சிப்பாய் விஷயத்தில் தேவைப்படுவது ராஜாக்கள் எதிரெதிரே நிற்கும் உத்தி. வெள்ளை ராஜா ஈ5, சிப்பாய் ஈ4, கறுப்பு ராஜா ஈ7 என்று பலகையில் வைத்துப் பாருங்கள். நகர வேண்டியவர் கறுப்பு என்றால் அவர் ஒரு பக்கம் விலகியே ஆக வேண்டும். வெள்ளை ராஜா மறுபக்கமாக முன்னேறிச் சிப்பாய்க்கு வழி அமைத்துவிடுவார். அதே நிலையில் நகர வேண்டியவர் வெள்ளை என்றால், கறுப்பு சரியாக ஆடும்வரை ஆட்டம் சமன்தான். ராஜா முன்னே, சிப்பாய் பின்னே என்பது இதிலிருந்து கிடைக்கும் வழக்கம். பலரும் சிப்பாயை முதலில் ஓட்டிவிட்டு ராஜாவைப் பின்னால் இழுத்துவருகிறார்கள். ஓர வரிசைச் சிப்பாய் மட்டும் விதிவிலக்கு: எதிரி ராஜா மூலைக்கு வந்துவிட்டால் அதை ராணியாக்க முடியாது. இந்த மூன்று நிலைகளையும் இருபுறமும் மாறி மாறி ஒரு வாரம் ஆடிப் பாருங்கள்.

ராணியை இழந்துவிட்டால் உடனே ஆட்டத்தை விட்டுக்கொடுப்பது நாகரிகமா?

உங்கள் நிலையில் வேண்டாம். ராணியை வென்ற எதிராளியும் மேலே கேட்ட வாசகரைப் போலவே ஸ்டேல்மேட்டில் சிக்கக்கூடியவர். அவர் எப்படி முடிக்கிறார் என்பதைக் கடைசிவரை உட்கார்ந்து பாருங்கள்.