சைக்காலஜி படித்தால் டிசைனர் ஆக முடியுமா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. படமே வரையத் தெரியாத மகள் சைக்காலஜி படித்துவிட்டு டிசைனர் ஆகப்போவதாகச் சொல்கிறாள், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். நெருங்கிய சம்பந்தம் உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிறு உரசி நின்றன. இறங்கும்போது வேகத்தைக் குறைக்க உதவும் இறக்கை மடிப்பான ஃபிளாப்பை மடக்க வேண்டிய விமானி, சக்கரத்தை மடக்கிவிடுவார். பழி விமானி மேல்தான் விழுந்தது. அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டை, அதாவது விமானியின் அறையை, போய்ப் பார்த்தார். இரண்டுக்குமான சுவிட்சுகள் ஒரே மாதிரி, அடுத்தடுத்து இருந்தன. களைத்துப்போன மனிதருக்குக் கை தவறத்தானே செய்யும்? ஒன்றின் பிடியில் குட்டிச் சக்கரம், இன்னொன்றில் ஆப்பு வடிவம் என்று மாற்றவைத்தார். அப்புறம் அந்தக் குழப்பம் வரவில்லை. இதில் ஓவியத் திறமைக்கு என்ன வேலை?

பயம்கூட டிசைனரின் பாடம்தான். உடலின் உள்ளே படம் எடுக்கும் எம்ஆர்ஐ இயந்திரத்தைக் கண்டு குழந்தைகள் அழுவதைப் பார்த்த அதைத் தயாரிக்கும் ஜிஇ நிறுவனத்தின் டிசைனர் டக் டீட்ஸ், அந்த அறையைக் கடற்கொள்ளையர் கப்பல்போல மாற்றினார். இயந்திரம் அதேதான். மயக்க மருந்து தேவைப்பட்ட குழந்தைகள் குறைந்தார்கள். 1990களில் ஆப்பிளில் பணிபுரிந்த, டிசைன் துறையில் பேர்பெற்ற டான் நார்மனும் உளவியல் பேராசிரியராக இருந்தவர்தான்.

சரி, வழி என்ன? ப்ளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் (UCEED) நுழைவுத் தேர்வை எழுதி, டிசைன் இளநிலைப் படிப்பான பி.டெஸ். சேரலாம். அதில் வரைதல் பகுதியும் உண்டு, பயிற்சி எடுத்தாக வேண்டும். சைக்காலஜி பட்டம் முடித்துவிட்டு, சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு வழியாக டிசைன் முதுநிலைப் படிப்பான எம்.டெஸ். போவது இன்னொரு வழி. உங்கள் மகளுக்கு இதுவே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வெறும் சைக்காலஜி டிகிரியை மட்டும் வைத்துக்கொண்டு டிசைன் வேலை தேடினால் கஷ்டம்தான். போர்ட்ஃபோலியோ, அதாவது செய்துகாட்டிய வேலைகளின் தொகுப்பு, கேட்பார்கள். அதை முதல் ஆண்டிலேயே தொடங்கட்டும்: டிக்கெட் எடுக்கும் இயந்திரத்தில் வயதானவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று நின்று கவனித்து, அவர்களிடமே பேசி, ஒரு மாற்று யோசித்து, அதை அட்டையில் செய்து சோதித்துப் பார்க்கட்டும். அழகான பத்துப் படங்களைவிட இப்படி ஒரு வேலைக்கு மதிப்பு அதிகம்.

விளம்பரத்தைப் பார்த்து தனியார் டிசைன் கல்லூரி எதிலும் இப்போதே முன்பணம் கட்டிவிடாதீர்கள். அங்கே படித்து முடித்தவர்கள் இரண்டு மூன்று பேரிடம், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று உங்கள் மகளையே விசாரிக்கச் சொல்லுங்கள்.