அப்பா அம்மாவுக்கு டிரஸ்ட் ஹோமா, பில்டர் ஃப்ளாட்டா?

கேள்வி: அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 70. அம்மாவுக்கு பார்கின்சன் ஆரம்ப ஸ்டேஜ். திருச்சி வீட்ட வித்துட்டு கோயம்புத்தூர்ல ரிட்டயர்மென்ட் கம்யூனிட்டிக்கு போலாம்னு இருக்காங்க. ஒண்ணு டிரஸ்ட் நடத்துறது, டெபாசிட் 15 லட்சம், சாப்பாடோட ரெண்டு பேருக்கும் மாசம் 44,000. இன்னொன்னு பில்டர் கட்டுனது, 68 லட்சத்துக்கு ஃப்ளாட் நம்ம பேர்லயே ரிஜிஸ்டர் ஆகும், சர்வீஸ் சார்ஜ் மாசம் 18,000, சாப்பாடு தனி. லாபம் பாக்காதவங்கதான் நல்லா பாத்துப்பாங்கன்னு அப்பா சொல்றார். எத எடுக்குறது?

பதில்: அப்பா சொல்றதுல பாதி சரி. டிரஸ்ட்ல மிச்சமாகுற பணத்த யாரும் பங்கு போட்டு எடுத்துட்டு போக முடியாது, திரும்ப அந்த வேலைக்கே செலவு பண்ணணும், அவ்வளவுதான் சட்டம் சொல்றது. நல்லா பாத்துப்பாங்கன்னோ பணம் கம்மியா வாங்குவாங்கன்னோ அதுல எங்கயும் இல்ல. உங்க கேஸ்ல முதல் கேள்வியே வேற. அம்மாவால தானா எழுந்து நடக்க முடியாத நாள் வந்தா அங்கயே வெச்சுப்பாங்களா?

பார்கின்சன்ங்கறது மெதுவா போற வியாதி, ஆனா நின்னுடாது. மாத்திரைய நேரம் தவறாம குடுக்கணும், அடிக்கடி விழ வாய்ப்பு இருக்கு, போகப் போக முழுங்குறதுகூட கஷ்டமாகலாம். பிரோஷர்ல 24 மணி நேர நர்ஸ்னு போட்டிருக்கும், போய் கேட்டா ராத்திரி மொத்த கேம்பஸுக்கும் ஒரே நர்ஸ்தான்னு சொல்லுவாங்க. அதனால ரெண்டு இடத்துலயும் அக்ரிமென்ட் காப்பிய முன்னாடியே வாங்கி, என்ன நிலைமை வந்தா இடத்த காலி பண்ணச் சொல்லுவாங்கங்கற பக்கத்த முதல்ல படிங்க, அசிஸ்டட் லிவிங்குக்கு, அதாவது குளிக்க நடக்க சாப்பிட ஆள் துணையோட தங்குற வசதிக்கு, தனி பெட் இருக்கா, எத்தனை, இப்ப அதுல எத்தனை காலி, அட்டெண்டர நாம வெளிய இருந்து கூட்டிட்டு வரலாமா இல்ல அவங்க ஏஜென்சிதானா, அதுக்கு மாசம் என்ன ஆகும், எல்லாத்தையும் எழுத்துல கேளுங்க. வாயால சொல்ற "பாத்துக்கலாம் சார்" எல்லாம் கணக்குல சேராது.

இப்ப டிரஸ்ட். அங்க நீங்க வீட்டுக்கு சொந்தக்காரர் இல்ல, தங்குற உரிமை மட்டும்தான். அந்த 15 லட்சத்த சீனியர் சிட்டிசன் சேமிப்பு திட்டத்துல 8.2 சதவீதத்துக்கு போட்டிருந்தா மாசம் 10,250 வட்டி வந்திருக்கும், அதையும் சேத்தா உங்க நிஜமான செலவு 54,000க்கு மேல. டெபாசிட்ல வருஷா வருஷம் எவ்வளவு கழிப்பாங்க, ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிட்டா மாசக் கட்டணம் பாதியாகுமா, மீதிப் பணம் எத்தனை நாள்ல வரும், இல்ல அடுத்த ஆள் வந்தப்புறம்தான் குடுப்பாங்களா, கேட்டுக்கோங்க. டிரஸ்டிங்க எல்லாரும் ஒரே குடும்பமா இருந்து பெரியவர் ஒருத்தர நம்பி ஓடுற இடம்னா, அவருக்கு அப்புறம் யாருன்னும் கேக்கணும், சங்கடமா இருந்தாலும் பரவால்ல. மூணு வருஷ ஆடிட் கணக்கு கேட்டா குடுக்கணும், இழுத்தடிச்சா எனக்கு அந்த இடம் வேண்டாம்.

டிரஸ்ட்டுக்கு ஒரு நிஜமான லாபம் இருக்கு, அது ஜிஎஸ்டி. வருமான வரித் துறையில பதிவு பண்ண அறக்கட்டளை நடத்துற முதியோர் இல்லத்துல, 60 தாண்டினவங்களுக்கு சாப்பாடு தங்கல் பராமரிப்பு எல்லாம் சேத்து தலைக்கு மாசம் 25,000 வரைக்கும் ஜிஎஸ்டி கிடையாது, 2018ல இருந்து இப்படித்தான். உங்களுக்கு தலைக்கு 22,000, அதனால இப்ப வரி இல்ல. ஆனா வருஷம் 7 சதவீதம் ஏத்துனாலே ரெண்டாவது ஏத்தத்துல 25,000 தாண்டிடும், அப்ப என்ன பண்ணுவீங்கன்னு அவங்களையே கேளுங்க. பில்டர் பக்கம் சர்வீஸ் கம்பெனி பில் போட்டா 18,000க்கு 18 சதவீதம்னா 3,240 கூட வரும். குடியிருக்கிறவங்க சங்கமே நடத்துனா மாசம் 7,500 வரைக்கும் விலக்கு உண்டு, கம்பெனிக்கு அது கிடையாது.

பில்டர் ஃப்ளாட்ல பத்திரம் கைல இருக்கு, புகார் பண்ண டிஎன்ரெரா (தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) இருக்கு, கட்டடத்துல கோளாறு வந்தா ஒப்படைச்ச நாள்ல இருந்து 5 வருஷம் வரை பில்டர் பொறுப்பு. ஆனா வயசான காலத்துல உங்களுக்கு வேண்டியது செவுரு இல்ல, சமையல்காரரும் நர்ஸும். அந்த டைனிங் ஹாலும் கிச்சனும் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. பொது இடமா சங்கத்துக்கு எழுதிக் குடுத்தாங்களா, இல்ல பில்டரே வெச்சுக்கிட்டாரா? சங்கத்துக்கிட்ட இருந்தா சர்வீஸ் சரியில்லன்னா ஆள மாத்தலாம், பில்டர்கிட்ட இருந்தா வேற வழி இல்லாம அவர் சொல்ற ரேட்டுதான். மத்திய அரசு 2019ல ரிட்டயர்மென்ட் ஹோமுக்கு மாதிரி வழிகாட்டுதல் போட்டுச்சு, அதுல பில்டர், சர்வீஸ் கம்பெனி, வாங்குறவர் மூணு பேரும் சேந்து ஒரே ஒப்பந்தம் போடணும்னு இருக்கு, அந்த மாதிரி இருந்தா நல்லது. அப்பா அம்மாவுக்கு அப்புறம் ஃப்ளாட் உங்க கைக்கு வந்தா, வயசானவங்க மட்டும்தான் இருக்கலாம்ங்கற கட்டுப்பாட்டால நீங்க குடியிருக்க முடியாம போகலாம், காலியா கெடந்தாலும் சார்ஜ் மட்டும் ஓடும், விக்கவும் குறிப்பிட்ட வயசு ஆள்தான் வேணும்.

அப்புறம் யாரும் சொல்லாத ஒண்ணு. திருச்சி வீட்ட வித்து வர லாபத்துக்கு வரி விலக்கு வாங்க ஒரு முக்கியமான வழி, இன்னொரு வீடு வாங்குறது. ஃப்ளாட் வாங்குனா அது கிடைக்கும், டிரஸ்ட் டெபாசிட் வீடு இல்ல, அதனால அந்த விலக்கு கிடைக்காது. பழைய வீடுன்னா இது பெரிய தொகையா வரலாம், ஆடிட்டர்கிட்ட கணக்கு போட்டுட்டு பேசுங்க.

என்னைக் கேட்டா, அம்மா நிலைமைக்கு அசிஸ்டட் லிவிங் நிஜமாவே ஓடிட்டு இருக்குற இடம் எதுவோ அதுதான், டிரஸ்டா கம்பெனியாங்கறது அப்புறம். ரெண்டுலயும் இருந்தா டிரஸ்ட் பக்கம் சாய்வேன், 68 லட்சம் ஒரே இடத்துல முடங்காம கைல இருந்தா நாளைக்கு அட்டெண்டர் செலவுக்கு ஆகும். ரெண்டுலயும் இல்லன்னா ரெண்டையும் விட்டுட்டு வேற பாருங்க. அதுவரைக்கும் திருச்சி வீட்ட விக்காதீங்க. கெஸ்ட் ரூம்லயோ வாடகைக்கோ ரெண்டு பேரும் ஒரு மாசம் தங்கிப் பாக்கட்டும், அங்க அஞ்சாறு வருஷமா இருக்குறவங்ககிட்ட ஆபீஸ் ஆள் யாரும் பக்கத்துல இல்லாதப்ப பேசி, ஒவ்வொரு வருஷமும் கட்டணம் எவ்வளவு ஏறுச்சுன்னு பழைய பில்ல காட்டச் சொல்லுங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல பெல் அடிச்சா யார் வர்றாங்க, எவ்வளவு நேரத்துல வர்றாங்கன்னும் அப்பா ஒரு தடவை அடிச்சுப் பாக்கட்டும்.