தின்னர், ஜீபிஎல், போதை: மலையகத்துக் கேள்விகளும் ஒரு மருந்தாளரின் பதில்களும்

தொழிற்சாலை இரசாயனங்களைப் போதைக்குப் பாவிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற அரச மருந்தாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

தலவாக்கலை: ஐயா, மகள் லண்டன்ல படிக்கிறா. கார் சில்லு கழுவுற கெமிக்கலை அங்க குடிக்கிறாங்களாமே?

உண்மைதாம்மா. ஜீபிஎல் என்பார்கள். பெயின்ட் உரிக்கும் கரைப்பான். உள்ளே போனதும் உடம்பே அதை ஜீஎச்பி என்ற மயக்கப் பொருளாக மாற்றிவிடும். பிளாஸ்டிக் தொழிலின் 1,4-பியூட்டேன்டையோலும் அப்படித்தான். பிரித்தானியா போதைப்பொருட்களை ஏ, பி, சி என்று பிரிக்கும், ஏ-க்குத்தான் தண்டனை கூட. 2009 இறுதியில் இரண்டையும் சி வகுப்பில் சேர்த்தது. ஆனால் அப்போது மனிதர் உட்கொள்ளத்தான் என்று காட்டினால்தான் குற்றம். 'சுத்திகரிப்பான்' என்று லேபல் ஒட்டியவனை எப்படிப் பிடிப்பது? அடுத்தவர் குடிக்கும் பானத்தில் கலந்து பாலியல் குற்றம் செய்த வழக்குகள் வெளிவந்த பிறகு, 2022 ஏப்ரலில் பி வகுப்புக்கு ஏற்றினார்கள். வைத்திருந்தால் 5 வருடம் வரை, விற்றால் 14 வருடம் வரை சிறை. அதே வருடம் ஜூனிலிருந்து தொழிலுக்கு வாங்குபவருக்கும் லைசன் வேண்டும். என் பார்வையில், தண்டனையை விட இந்த லைசன்தான் பெரிய மாற்றம்.

ஹட்டன்: அண்ணே, ஹார்ட்வெயார் கடை வச்சிருக்கேன். தின்னர் விக்கிறதுல சிக்கல் வருமா?

தின்னரில் சேரும் டொலுயீன், அசிட்டோன் இரண்டும் போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1988 ஐ.நா. உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில், அதாவது போதைப்பொருள் தயாரிக்க உதவும் இரசாயனங்களின் பட்டியலில், இருக்கின்றன. அந்த உடன்படிக்கைக்காக இங்கே இலங்கையில் 2008-ம் ஆண்டின் 1-ம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் குறி போதைப்பொருள் தயாரிப்பவன். துணியில் நனைத்து மோக்கிற பையன் அல்ல. உங்கள் கடைக்கான விதியை தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளை வெறும் போத்தலோடு வந்தால் ஊற்றிக் கொடுக்காதீர்கள். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பொகவந்தலாவை: மகன் கராஜ்ல பெயின்ட் அடிக்கிறான். தின்னர் மோக்கிறதைக் கண்ணால பார்த்துட்டேன். அப்பாவிடம் சொன்னால் அடிப்பார்.

அந்த நேரத்தில் அடிக்கவோ துரத்தவோ வேண்டாம், தங்கச்சி. டொலுயீன் ஆவி ஏறிய நெஞ்சு திடீர்ப் பயத்தில் தாளம் தப்பி நின்றுவிடலாம். முதல் தடவை மோந்த பிள்ளையும் அப்படிப் போனதுண்டு. கதவு ஜன்னலைத் திறந்து, துணியை மெதுவாக வாங்குங்கள். பேச்சு மறுநாள். கராஜ் முதலாளியிடம் தின்னரைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். ஆலோசனைக்கு 1927 இலக்கத்துக்கு போன் எடுக்கலாம்.

பதுளை: தண்டனையைக் கூட்டினா நிக்காதா சேர்?

நம் போதைப்பொருள் சட்டத்தின் 2022 திருத்தத்தில் 5 கிராம் ஐஸுக்கே (மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருள்) மரண தண்டனை வரை போனோம். ஐஸ் நின்றதா?

நுவரெலியா: மயங்கினவன் விடிஞ்சா தெளிவான்னு படுக்க விடலாமா?

கூடாது. ஜீபிஎல்லோடு சாராயமும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசில்லை. லயத்துக்கு வழி தெரியாமல் சுற்றுவார்கள், ஒருவரை மெயின் ரோட்டுக்கு அனுப்பி வையுங்கள். என்ன குடித்தான் என்பதை மறைக்காமல் சொல்லி, போத்தலையும் கையோடு கொடுத்துவிடுங்கள். தினமும் ஜீபிஎல் குடிப்பவனை வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்க வேண்டாம். வலிப்பு வரலாம், ஆஸ்பத்திரியில்தான் நிறுத்த வேண்டும்.