59 வயசுல தையல் வகுப்புக்குப் போனவன் சொல்றேன்

கேள்வி இது: "எனக்கு 42 வயது. தையல் சுத்தமாகத் தெரியாது. யூடியூப் பார்த்தே கற்றுக்கொள்ள முடியுமா, வகுப்புக்குப் போகணுமா? மெஷின் முதலிலேயே வாங்கிவிடலாமா?"

வகுப்புக்குப் போங்க. மெஷினை ரெண்டு மாசம் கழிச்சு வாங்கிக்கலாம். 42 எல்லாம் ஒரு வயசே இல்லீங்க, நான் சேர்ந்தப்ப எனக்கு 59.

கரூர்ல பஸ் பாடி கட்டுற பட்டறையில 30 வருஷத்துக்கு மேல ஃபிட்டர். வேலையை விட்டு வீட்டுல உக்காந்தப்ப கண்ணுல பட்டது, மூலையில உறை போட்டுக் கிடந்த கறுப்பு மெஷின். வீட்டுக்காரம்மா சீரா கொண்டுவந்தது. பசங்க யூனிஃபார்ம் வரைக்கும் அதுலதான் தச்சாங்க. தோள்பட்டை வலி வந்த பிறகு தொடவே இல்லை. அவங்ககிட்டயே கத்துக்கலாம்னு உக்காந்தேன். மூணாவது நாள் சாயங்காலம் ரெண்டு பேரும் பேசிக்கல. அதோட அந்தப் பள்ளிக்கூடம் மூடியாச்சு.

எங்க வார்டு சமுதாயக் கூடத்துல பொம்பளைங்க சேர்ந்து ஒரு தையல் வகுப்பு நடத்துறாங்க. போய்க் கேட்டேன். டீச்சர் கொஞ்சம் யோசிச்சாங்க. "அண்ணா, மெஷின் ரிப்பேர் பார்ப்பீங்களா?"ன்னாங்க. பார்ப்பேன்னேன். "அப்ப நாளைக்கே வாங்க." அங்க இருந்த எட்டு மெஷின்ல மூணு ஓடாம கிடந்தது. அதுல ஒண்ணுக்கு யாரோ தேங்காய் எண்ணெய் விட்டு, அது பிசினாட்டம் இறுகிப் போயிருந்துச்சு. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, மெஷின் எண்ணெய் போட்டேன், சுத்துச்சு. நீங்களும் தேங்காய் எண்ணெய் பக்கம் போயிராதீங்க. எண்ணெய் விட்ட உடனே நல்ல துணியையும் வைக்காதீங்க, கந்தல்ல கொஞ்ச நேரம் ஓட்டிட்டு அப்புறம் தைங்க.

மெஷினைக் கழட்டி மாட்டத் தெரிஞ்சவனுக்குத் தைக்கிறது சுலபம்னு நினைச்சேன். முதல் மூணு நாள் டீச்சர் நூலே தரல. வெறும் மிதி. சக்கரம் நம்ம பக்கமாத்தான் சுத்தணும், கால் தடுமாறினா எதிர்ப்பக்கம் திரும்பிடும், நூல் இருந்தா அந்த இடத்துலயே சிக்கி அறுந்துடும். கையால சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளி, ஒரு காலைக் கொஞ்சம் முன்னாடி, இன்னொண்ணைப் பின்னாடி வச்சு, குதிகாலும் நுனிக்காலும் மாத்தி மாத்தி அழுத்தணும். நிறுத்துறதும் குதிகால்தான். இதை எந்த வீடியோவும் உங்க காலுக்குச் சொல்லித் தராது. பக்கத்துல ஒரு ஆள் நின்னு "அவசரப்படாதீங்கண்ணா"ன்னு சொல்லணும். அதுக்கப்புறம் கோடு போட்ட நோட்டுப் பேப்பர். நூலில்லாத ஊசியால கோட்டு மேலயே ஓட்டணும். நேர்கோடு, கட்டம், கடைசியா வட்டம். மூலை வந்தா ஊசி கீழ இறங்கி இருக்கும்போதே, துணியை அமுக்கிப் பிடிக்கிற ஃபுட்டைத் தூக்கிப் பேப்பரைத் திருப்பணும்.

துணிக்கு வந்தப்ப என் பட்டறைக் கை காட்டிக் கொடுத்துடுச்சு. தகடு இழுத்த பழக்கத்துல துணியையும் இழுத்தேன். ஊசி வளைஞ்சு பிளேட்டுல இடிச்சு முறிஞ்சது. முதல் வாரத்துல நாலு ஊசி. அடியில இருக்கிற பல்லுதான் துணியை நகர்த்திட்டுப் போகும், நம்ம கை வழி காட்டினாப் போதும். அடுத்த மெஷின்ல இருந்த காலேஜ் பொண்ணு, "அப்பா, அது ஓடிப் போயிடாது, விடுங்க"ன்னு சிரிச்சுது.

இன்னொரு தொல்லை உங்களுக்கும் வரும். துணிக்கு அடியில நூல் கூடு கட்டுற மாதிரி சுருண்டு நிக்கும். எல்லாரும் உடனே அடிநூல் சுத்தியிருக்கிற பாபினைக் கழட்டுவாங்க. பெரும்பாலும் தப்பு மேல்நூல்ல இருக்கும், நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுக்கு நடுவுல அது உக்காந்திருக்காது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு மேல்நூலை முதல்லேருந்து கோர்த்துப் பாருங்க. பாபின்தானான்னு சந்தேகம் இருந்தா, பாபினை அதோட கேஸுக்குள்ள போட்டு, நூலைப் பிடிச்சுத் தொங்கவிட்டு லேசா ஒரு உதறு உதறுங்க. கொஞ்சம் இறங்கி நிக்கணும். சரசரன்னு கீழ போனா லூஸ், அசையவே இல்லைன்னா டைட்.

துணி வாங்குறதுல நாங்க கொடுத்து வச்சவங்க. கரூர்ல எக்ஸ்போர்ட் கட் பீஸ் கிலோ கணக்குல கிடைக்கும். கெட்டுப் போனாலும் மனசு நோகாது. உங்க ஊர்ல கிடைக்காட்டிப் பழைய லுங்கி, வேட்டி போதும்.

முதல்ல ஜபலா தச்சேன், அது பரவாயில்லை. அடுத்தது ஆறு பீஸ் பாவாடை, வீட்டுக்காரம்மா அளவுல. மேல குறுகலா, கீழ அகலமா ஆறு துண்டு. நடு பீஸ் ரெண்டுக்கும் இரு ஓரமும் கிராஸ், அதாவது சாய்வா வெட்டினது. பக்க பீஸ் நாலுக்கும் ஒரு ஓரம் நேர், ஒரு ஓரம் கிராஸ். நடு பீஸோட கிராஸ் ஓரத்தைப் பக்க பீஸோட நேர் ஓரத்துல சேர்க்கணும். டீச்சர் சொன்னப்ப நான் ஒரு மெஷினுக்கு பெல்ட் மாட்டிட்டு இருந்தேன். வீட்டுக்கு வந்து கிராஸையும் கிராஸையும் சேர்த்துத் தச்சு, அன்னைக்கே அடியும் மடிச்சுட்டேன். கட்டின ரெண்டாம் நாள் சேலைக்குக் கீழ பாவாடை நாலு இடத்துல எட்டிப் பார்த்துச்சு.

ஏன்னா, துணியில பாவு நூல் நீளவாக்குல போகும், ஊடை குறுக்குவாக்குல போகும். அந்த ரெண்டு திசையிலயும் இழுத்தா அவ்வளவா கொடுக்காது. சாய்வா வெட்டின ஓரம் ரப்பர் மாதிரி நீளும். பிளவுஸ் கழுத்துக்கு கிராஸ் பட்டி வச்சா வளைவுல சுருக்கமில்லாம படியுறதும் இதனாலதான். பாவாடையில அந்த ஓரத்தைப் பிடிச்சு நிறுத்த ஒரு நேர் ஓரம் வேணும், நான் அதை வைக்கல. பிளேடு வச்சுப் பிரிச்சேன், முழுசா ஒரு மத்தியானம் ஆச்சு. திரும்பத் தச்சதும் டீச்சர் சொன்னபடி ஒரு ராத்திரி கொடியில தொங்கவிட்டு, தொங்கின அளவை வெட்டிட்டு அடி மடிச்சேன். பாப்ளின்னா வெட்டுறதுக்கு முன்னாடியே தண்ணியில நனைச்சுக் காயவச்சுடுங்க, இல்லைன்னா தச்ச பிறகு சுருங்கும்.

யூடியூப் வேண்டாம்னு சொல்லல. வகுப்புல பார்த்த கட்டிங்கை ராத்திரி திரும்பப் பார்க்க நல்லாத்தான் இருக்கு. மத்தவங்க வெட்டித் தப்பு பண்ணினதைப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான் எனக்கு அதிகம், அது வீடியோவுல கிடைக்காது.

சேர்றதுக்கு முன்னாடி சான்றிதழ் உண்டான்னு கேளுங்க. எங்ககூட ரெண்டு பேர் அதுக்காகவே வந்தாங்க. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்துல அரசு இலவசத் தையல் மெஷின் கொடுக்குது. கணவரை இழந்தவங்க, கைவிடப்பட்டவங்க மாதிரியானவங்களுக்கு. தையல் தெரியும்ங்கிறதுக்குச் சான்று கேட்பாங்க.

மெஷின் வாங்குறப்ப முதல்ல மிதி மெஷினே வாங்குங்க. மோட்டார் நம்ம தப்பையும் சேர்த்து வேகமா தச்சுடும்.

நான் இப்ப பிளவுஸ்ல நிக்கிறேன். உடம்பு வந்துடுச்சு, கை ஏத்தத் தெரியல. ரெண்டு தடவை இடது கையை வலப்பக்கம் வச்சுத் தச்சிருக்கேன். கையோட முன்பக்கத்துல சாக்குல ஒரு பெருக்கல் குறி போடச் சொல்லி டீச்சர் அனுப்பியிருக்காங்க. வீட்டுக்காரம்மா அளவு ஜாக்கெட்டை எடுத்து வச்சுட்டுக் காத்திருக்காங்க.