விசா மறுத்தால் கட்டிய பணமும் போனதுதானா? வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் எங்கள் மகளுக்குப் பிரசவம். கூட இருந்து பார்த்துக்கொள்ள நானும் கணவரும் விசாவுக்கு விண்ணப்பித்தோம். எங்களுக்கு விவசாயம்தான். சென்னைக்குப் போய்க் கைரேகை வைத்து, பணம் கட்டி, மூன்று வாரம் காத்திருந்தோம். பாஸ்போர்ட் திரும்பி வந்தது, விசா இல்லை. ‘நீங்கள் திரும்பிப் போவீர்களா என்பதில் சந்தேகம்’ என்ற வரியில் ஒரு டிக் மட்டும். விசாதான் தரவில்லை, பணத்தையாவது தரக்கூடாதா?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: அம்மா, பேரப்பிள்ளை பிறக்கும் நேரத்தில் இப்படி ஒரு தாள் வந்தால் எப்படி இருக்கும் என்று புரிகிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன், அந்தப் பணம் திரும்ப வராது. ஜெர்மனி உள்ளிட்ட ஷெங்கன் நாடுகள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள், அவற்றின் சட்டப்படி நீங்கள் கட்டியது விசாவின் விலை அல்ல, விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதற்கான கட்டணம். படிவத்தில் கையெழுத்து இல்லை, புகைப்படம் சரியில்லை என்பதுபோல ஏதாவது சொல்லிப் பரிசீலனைக்கே எடுக்காமல் திருப்பி அனுப்பினால் விசா கட்டணத்தைத் தந்துவிட வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. பரிசீலித்து மறுத்தால் கிடையாது. விண்ணப்ப மையம் தனியாக வாங்கும் சேவைக் கட்டணமும் போனதுதான். பயணக் காப்பீட்டை மட்டும் விடாதீர்கள், மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் பல நிறுவனங்கள் சிறு தொகை பிடித்துக்கொண்டு பிரீமியத்தைத் திருப்பித் தருகின்றன. இன்றைக்கே கேளுங்கள்.

சட்டம் இப்படி இருக்கிறது என்பதற்காக இது நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். 60 யூரோவாக இருந்த விசா கட்டணம் 2020 பிப்ரவரியில் 80 ஆனது, 2024 ஜூனில் 90 ஆனது. அந்த 2024இல் இந்தியாவிலிருந்து போன ஷெங்கன் விண்ணப்பங்கள் சுமார் 11 லட்சம், மறுக்கப்பட்டவை சுமார் 1.65 லட்சம். தலைக்கு 80 யூரோ என்று வைத்தாலே மறுக்கப்பட்டவர்கள் கட்டிய பணம் ஒரு கோடி யூரோவைத் தாண்டுகிறது, அதுவும் ஒரே வருஷத்தில், ஒரே நாட்டு மக்களிடமிருந்து. பரிசீலிக்க ஆள் வேண்டும், செலவு உண்டு, சரி. ஆனால் பரிசீலனைக்கென்று காசு வாங்கினால் என்ன பார்த்தீர்கள், எது குறைந்தது என்று நாலு வரி எழுதித் தரவேண்டாமா? அச்சடித்த தாளில் ஒரு டிக் போட்டுக் கொடுப்பதைப் பதில் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஜெர்மனி விஷயத்தில் இன்னொரு கதவும் மூடிவிட்டது. மறுத்தால் அதே தூதரகத்துக்குக் காசில்லாமல் ஆட்சேபக் கடிதம் எழுதலாம் என்று முன்பு இருந்தது, 2025 ஜூலை 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பது இரண்டே வழி. ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம், அதற்கு விசா கட்டணத்தைப்போலப் பல மடங்கு செலவாகும். இல்லையென்றால் மறுபடி 90 யூரோ கட்டிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு இரண்டாவதுதான் சரி. ஆனால் தயவுசெய்து அதே காகிதங்களோடு போகாதீர்கள், அதே பதில்தான் வரும்.

உங்கள் தாளில் டிக் விழுந்தது பணத்துக்கு அல்ல, திரும்பி வருவீர்களா என்பதற்கு. மகள் அங்கே தன் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டிப் பொறுப்பேற்புப் பத்திரம் வாங்கி அனுப்பலாம், அது ‘செலவை யார் பார்ப்பது’ என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில். ஊருக்குத் திரும்பியே ஆகவேண்டிய காரணத்தை நீங்கள்தான் காட்டவேண்டும். சம்பளச் சீட்டு இல்லாத விவசாயிக்கு இது கஷ்டம், முடியாதது அல்ல. பட்டா, சிட்டா, அடங்கல், நெல் விற்ற ரசீது, பயிர்க்கடன் கணக்கு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வையுங்கள். கூடவே ஒரு பக்கக் கடிதம்: எத்தனை ஏக்கர், ஊரில் யார் யார் இருக்கிறார்கள், எந்தத் தேதியில் சம்பா வேலை தொடங்குகிறது, அதற்குள் ஏன் வந்தாக வேண்டும். அங்கே உட்கார்ந்து பார்ப்பவருக்குச் சம்பா என்றால் என்னவென்று தெரியாது, நீங்கள்தான் எழுதவேண்டும். முன்பு மறுத்ததை மறைக்காதீர்கள், அது அவர்கள் கணினியில் இருக்கிறது. விசா வரும்வரை டிக்கெட்டுக்கு முழுப்பணம் கட்டவேண்டாம், முன்பதிவுத் தாள் போதும்.

கேள்வி: அமெரிக்க விசா நேர்காணலில் இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. ஃபைலைத் திறக்கவே விடாமல் 214(b) என்று ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். 185 டாலர் இதற்கா?
- வாசகர், கோவை

பதில்: 2023 ஜூனில்தான் அதை 160இலிருந்து 185 ஆக்கினார்கள். அதுவும் திரும்பாது, மேல்முறையீடும் கிடையாது. 214(b) என்ற அந்த அமெரிக்கச் சட்டப்பிரிவே, வருகிறவர் அங்கேயே தங்கிவிடுவார் என்று முதலில் எடுத்துக்கொள்கிறது, இல்லை என்று காட்டவேண்டியது நீங்கள். காகிதத்தைவிட இணையப் படிவத்தில் நிரப்பியதும் வாயால் சொல்வதும்தான் அங்கே எடுபடுகிறது. எப்போது வேண்டுமானாலும் மறுபடி போகலாம். ஆனால் வேலை, குடும்பம், பயணக் காரணம் எதிலும் மாற்றம் இல்லாமல் அடுத்த மாதமே இன்னொரு 185 டாலரைக் கட்டுவதை நான் தடுக்கத்தான் பார்ப்பேன். மாற்றம் எதுவும் இல்லை, போன முறை பதற்றத்தில் சொல்லவந்ததே வேறாகிவிட்டது என்றால் மட்டும் இன்னொரு முறை முயன்று பார்க்கலாம்.

கேள்வி: விசா நிச்சயம் என்று சொல்லி ஏஜெண்ட் ஒருவர் நாற்பதாயிரம் கேட்கிறார், வங்கிக் கணக்கில் காட்டப் பணமும் அவரே போடுகிறாராம். நம்பலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். முடிவெடுப்பது தூதரகம், நிச்சயம் என்று சொல்ல வேறு யாராலும் முடியாது. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கணக்கில் திடீரென்று விழுந்த லட்சங்களைப் பார்த்தாலே அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும், பொய் என்று பதிவானால் அடுத்து எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் அதற்கும் நீங்கள் பதில் சொல்லவேண்டிவரும். படிவம் நிரப்ப மட்டும் உதவி வேண்டும் என்றால் அதற்கான சிறு கூலியைக் கொடுங்கள், ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்து நீங்களே கையெழுத்துப் போடுங்கள்.