ஆன்லைன் பேக்கப்: கேட்டதும் சொன்னதும்

மேற்குத் தாம்பரத்தில் 14 வருடம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தினேன். கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒன்றுதான்: "மேடம், ஃபைல் மட்டும் எப்படியாவது எடுத்துக் கொடுங்க." அந்த நிலைமை வராமல் இருக்க, கோப்புகளின் இன்னொரு பிரதியை இணையம் வழியாக வேறு இடத்தில் வைப்பதுதான் ஆன்லைன் பேக்கப். அதைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். செல்போன், சிசிடிவி எல்லாம் இன்று வேண்டாம்.

ஈரோடு: அக்கா, கூகுள் டிரைவில் 100 ஜிபி காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். ஃபோல்டர் எல்லாம் தானாக சிங்க் ஆகிறது. தனியாக பேக்கப் சேவை எதற்கு?

சிங்க் வேறு, பேக்கப் வேறு. இதை இன்னும் பத்து தடவை சொல்வேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அப்புறம் கூகுளாலும் மீட்டுத் தர முடியாது. ரான்சம்வேர் (பணம் கேட்டு மிரட்டும் வைரஸ்) வந்து கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்பே மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் எல்லாம் இதே ஜாதிதான். பழைய பதிப்புகளை வைத்திருப்பார்கள், ஆனால் அதற்கும் கெடு உண்டு.

என் வாடிக்கையாளர் ஒருவரின் மகன், லேப்டாப்பில் இடம் இல்லை என்று சிங்க் ஃபோல்டரிலிருந்து படங்களை அழித்திருக்கிறான். "அதான் மேலே இருக்கே" என்று நினைப்பு. அந்த அம்மா இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தார். ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை.

பேக்பிளேஸ், ஐடிரைவ், கார்பனைட் போன்ற சேவைகள் ஒருவழிப் பாதை. கணினியிலிருந்து எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்களிடம் இருப்பதைத் தொட்டு உங்கள் கணினியில் எதுவும் மாறாது. காசு கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் அழித்த கோப்பை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?

திருநெல்வேலி: மேடம், கல்யாண ஃபோட்டோகிராஃபர் நான். லேப்டாப் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்குகளில் 4 டிபி, அதாவது 4000 ஜிபி. எதை எடுக்கலாம்?

உங்களுக்கு பேக்பிளேஸின் தனிநபர் திட்டம் சரிப்படும். ஒரு கணினிக்கு வருடம் 99 டாலர், அளவுக்கு வரம்பு இல்லை, செருகியிருக்கும் டிஸ்க்கும் சேரும். ஆனால் டிஸ்க்கைப் பிடுங்கி அலமாரியில் போட்டுவிட்டு மறந்தால், கெடு தாண்டியதும் அதன் பிரதியையும் நீக்கிவிடுவார்கள். மாதம் ஒருமுறை செருகுங்கள். நாலைந்து கணினி, ஆனால் கோப்பு கொஞ்சம் என்பவர்களுக்கு ஐடிரைவ் மாதிரி இடத்துக்குக் காசு வாங்கும் சேவை லாபம்.

இப்போது கணக்குக்கு வருவோம். அப்லோடு வேகம் 40 எம்பிபிஎஸ் என்றால், 4 டிபி ஏற ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடினாலும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். டவுன்லோடு வேகத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். 'அன்லிமிடெட்' என்று விற்கும் பல ஃபைபர் பிளான்களில் மாதம் 3300 ஜிபி தாண்டினால் வேகம் படுத்துவிடும். அதனால் இரண்டு மாதமாகப் பிரித்து ஏற்றுங்கள். டெலிவரி கொடுக்காத ஆல்பங்கள் முதலில்.

கும்பகோணம்: ஆடிட்டர் ஆபீஸ். டேலி கணக்கு சாஃப்ட்வேர் டேட்டாவை எப்படி வைப்பது?

டேலியில் கம்பெனி திறந்திருக்கும்போது அதன் டேட்டா ஃபோல்டரை நேரடியாக எடுத்தால் பிரதி அரைகுறையாக வரலாம். டேலியிலேயே பேக்கப் வசதி இருக்கிறது. சாயங்காலம் அதை ஓட்டி ஒரு ஃபோல்டரில் போடுங்கள், அந்த ஃபோல்டர் மேலே போகட்டும். அடுத்தவர் கணக்கு என்பதால் உங்கள் சொந்தச் சாவி, அதாவது ரகசியச் சொல், போட்டுப் பூட்டும் வசதியை எடுங்கள். சாவி தொலைந்தால் பேக்கப் கம்பெனிக்காரனாலும் திறக்க முடியாது. காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். அதே லேப்டாப்பில் நோட்பேடில் வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சேலம்: கூகுளில் 15 ஜிபி இலவசமாகத் தருகிறார்களே, அது போதாதா?

ஈரோட்டுக்குச் சொன்னதைப் படியுங்கள். அந்த 15-ல் மெயிலும் ஃபோட்டோவும் சேர்த்தி.

மதுரை: வீட்டில் நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டிய டிஸ்க் பெட்டி) வைத்திருக்கிறேன். இரண்டு டிஸ்க், ஒரே டேட்டா இரண்டிலும் விழுகிற மாதிரி ரெய்டு போட்டது. என் குடும்பப் படத்தை அமெரிக்காக்காரனிடம் கொடுத்து சந்தா வேறு கட்டணுமா?

ரெய்டு, ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். திருட்டு, இடி, தண்ணீர், உங்கள் கைத்தவறு, இதற்கெல்லாம் காப்பாற்றாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமிருந்து கடைக்கு வந்தவர்களில் நிறையப் பேர் கணினியையும் பேக்கப் டிஸ்க்கையும் ஒரே கட்டைப் பையில் கொண்டுவந்தார்கள். இரண்டிலும் சேறு.

மதுரை: எங்கள் தெருவுக்கு வெள்ளம் வராது. 2025 செப்டம்பரில் கொரியாவில் தேஜோன் அரசு டேட்டா சென்டரே எரிந்து 858 டிபி போனதே, மேகம் (கிளவுட்) மட்டும் என்ன வாழ்ந்தது?

காரைக்குடி: அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பத்து வருடச் சந்தா 990 டாலர்!

அந்தத் தீயை நானே சொல்லலாம் என்றிருந்தேன். ஜி-டிரைவ் (கூகுளுடையது அல்ல) என்ற அந்த அரசுச் சேமிப்புக்கு வெளியே வேறு பிரதி இல்லை, அதனால்தான் போனது. அதை நம்பி அரசு ஊழியர்கள் தங்கள் கணினியிலும் வைத்துக்கொள்ளவில்லை. 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஹெச் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தபோதும், ஒரே வளாகத்தில் பிரதி வைத்திருந்தவர்கள்தான் அழுதார்கள். நான் நாஸை விற்கச் சொல்லவில்லை. அது ஒரு பிரதி. ஊர் தாண்டி இன்னொன்று வேண்டும். காரைக்குடிக்கு: நாஸ் டிஸ்க்கும் பத்து வருடம் உழைக்காது, அதையும் கூட்டுங்கள்.

சந்தா பிடிக்கவில்லையா? இன்னொரு நாஸ் வாங்கி வெளியூரில் தம்பி வீட்டில் வையுங்கள். இரவில் இதிலிருந்து அதற்குப் பிரதி போகட்டும். அதுவும் ஆன்லைன் பேக்கப்தான்.

மதுரை: தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை.

அப்போது சந்தாவே மலிவு. ஆனால் அந்த 99 டாலர் பேக்பிளேஸ் திட்டம் நாஸை எடுக்காது, நாஸை எடுக்கும் சேவையாகப் பாருங்கள்.

நாமக்கல்: ஹார்ட் டிஸ்க் கடக் கடக் என்கிறது, என்ன சாஃப்ட்வேர் போடலாம்?

எதுவும் போடாதீர்கள். உடனே அணையுங்கள். டேட்டா ரெகவரி லேபுக்குக் கொண்டுபோங்கள்.

தஞ்சாவூர்: அம்மா, 1998-லிருந்து டிடிபி வேலை. பேஜ்மேக்கர் (பக்கம் வடிவமைக்கும் சாஃப்ட்வேர்) ஃபைல்கள் ஆயிரக்கணக்கில். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன்.

ஐயா, எழுத்துருக்களை ஏற்றினீர்களா? பாமினி மாதிரி பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பை. எழுத்துருக்கள் இருப்பது விண்டோஸ் ஃபோல்டருக்குள். பேக்பிளேஸ் மாதிரி சேவைகள் அந்த ஃபோல்டரைச் சொல்லாமலே விட்டுவிடும். அவற்றைத் தனி ஃபோல்டரில் நகல் எடுங்கள். முக்கியமான புத்தகங்களை பிடிஎஃப் ஆகவும் மாற்றி வையுங்கள், பேஜ்மேக்கர் ஓடும் கணினியே கிடைக்காத நாள் வரும்.

விருதுநகர்: ஒன்டிரைவ் இருந்தால் போதும்தானே?

இல்லை. கூடவே இதையும் பாருங்கள்: கோப்பின் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அது உங்கள் டிஸ்க்கிலேயே இல்லை. பேக்கப் சேவைக்கும் அது கிடைக்காது.

கோவை: சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் அல்லவா?

நம்பாதீர்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதி வந்ததிலிருந்து நம் கார்டில் வெளிநாட்டு ஆட்டோபே பல இடங்களில் மறுக்கப்படுகிறது. காசு வராவிட்டால் பிரதியைக் கொஞ்ச நாளில் அழித்துவிடுவார்கள். நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

வேலூர்: வாட்ஸ்அப் சாட்...

செல்போன் வேண்டாம் என்றேன்.

ஓசூர்: ஆறு மாதமாக பேக்கப் ஓடுகிறது அக்கா, பச்சை டிக் காட்டுகிறது. நிம்மதி.

கடைசியாக எந்தக் கோப்பை மீட்டு எடுத்துப் பார்த்தீர்கள்?

ஓசூர்: எடுத்ததில்லை.

இப்போதே மூன்று கோப்பு எடுங்கள். வேறு வேறு இடத்திலிருந்து. காத்திருக்கிறேன்.

ஓசூர்: இரண்டு வந்தது. மூன்றாவது இல்லை. ஈ டிரைவை டிக் பண்ணவே இல்லை போல.

அதில் என்ன இருக்கிறது?

ஓசூர்: பாப்பா பிறந்ததிலிருந்து எடுத்த படம் எல்லாம்.

இப்போது டிக் பண்ணுங்கள். இன்று ராத்திரி லேப்டாப்பை மூட வேண்டாம், தம்பி.